ஆறு மீன், ஒரு பச்சைத் துணுக்கு

ஐந்தாவது மீனின் வயிற்றைக் கீறியபோது வாய்தா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“வக்கீல் ஆபீஸ்ல எட்டு வருஷம் குப்பை கொட்டினேன்க்கா. அங்ககூட இப்படி நாறினதில்ல.”

“வாயை மூடிக்கிட்டுக் கீறு,” என்றாள் தராசு.

“மூக்கைத்தான் மூடணும். கை ரெண்டும் மீனுக்குள்ள இருக்கு.”

துப்பறியும் அலுவலகம் என்று பெயர்ப்பலகை மாட்டிய அந்த அறையில் இருந்தது ஒரே மேஜை. அதன்மேல் பழைய செய்தித்தாளை விரித்து, ஆறு கொடுவா மீன்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு டீ வடிகட்டி.

தராசு என்பது அவளுக்கு ஊர் வைத்த பெயர். எடை அளவு ஆய்வாளராக இருந்தவள். ஒரு பெரிய ஆலையின் எடைமேடை பொய் சொல்கிறது என்று எழுதினாள். எழுதியதைத் திருத்தச் சொன்னார்கள். திருத்தாமல் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஐம்பது வயதாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை. வாய்தா அவளுடைய உதவியாளன். வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் வாய்தா வாங்குவதைத் தவிர வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று அவனே சொல்லிக்கொள்வான்.

அறையில் மூன்றாவதாக ஒருத்தி இருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரி. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைக்கூடக் கழற்றாமல் கடையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

அவளுடைய அண்ணன் கடல் கூண்டுப் பண்ணை ஒன்றில் மீன்களுக்குத் தீவனம் வீசுகிறவன். இந்த மாதம் இரண்டாம் தேதி, பண்ணையில் மீன் வாங்கும் கம்பெனி தன் சோதனைக்கூடத்தில் மீன்களை அறுத்துப் பார்த்தது. வயிற்றில் அரிசியைவிடச் சிறிய பிளாஸ்டிக் துணுக்குகள். இரண்டு லாரி மீனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளே பண்ணை முதலாளி போலீசில் புகார் கொடுத்தார். சம்பளம் உயர்த்தவில்லை என்ற ஆத்திரத்தில் தீவனக்காரன் பிளாஸ்டிக்கை வெட்டித் தீவனத்தில் கலந்துவிட்டானாம். அவன் பெட்டியில் ஒரு கத்தரிக்கோலும் சிவப்புப் பைகளும் கிடைத்தனவாம். மூன்றாம் தேதி உள்ளே போனவன், இருபத்தாறாம் தேதியான இன்றுவரை உள்ளேயே இருக்கிறான்.

“அவன் என்ன சொல்றான்?” என்று தராசு முதல் நாளே கேட்டிருந்தாள்.

“நான் செய்யலன்னு மட்டும்தான் சொல்றான். அதுக்கு மேல வாயே திறக்க மாட்டேங்கிறான். என்னைப் பாக்கவே கூச்சப்படறான்மா,” என்று தையல்காரி சொல்லியிருந்தாள்.

இன்று காலை பண்ணையின் சில்லறை விற்பனை ஜன்னலில் வாய்தா வரிசையில் நின்று வாங்கி வந்த மீன்கள்தான் இந்த ஆறும்.

தராசு குடல்களைக் கழுவி வடிகட்டியில் தட்டினாள். வெள்ளைத் தாளில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். சிவப்பு, வெள்ளை, கண்ணாடிபோல் நிறமில்லாதவை. மொத்தம் பதினேழு. எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணுகூட மூணு மில்லிமீட்டரைத் தாண்டல. ஆத்திரத்துல வெட்டுறவன் அளவு பாத்தா வெட்டுவான்?”

தையல்காரி பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தாள்.

“இது கத்தரி வெட்டே இல்லம்மா. கத்தரி பட்டா ஓரம் நேரா இருக்கும். இது நைஞ்சு, பிசிறு பிசிறா கிழிஞ்சிருக்கு. கல்லுல போட்டு இடிச்ச துணி மாதிரி.”

தராசு அவளை நிமிர்ந்து பார்த்தாள். “மூணு வாரமா இந்தக் கேஸைப் பாக்கிற போலீசுக்கு இது தெரியல.”

“அவங்க யாரும் துணி தைக்கிறதில்லயே.”

“இயந்திரத்துல அரைபட்டு, சல்லடைல இறங்கியிருக்கு. அதான் எல்லாம் ஒரே அளவு. அந்த ஆறாவது மீனையும் அறு.”

ஆறாவது மீனில் ஒரே ஒரு துணுக்குதான் இருந்தது. பச்சை. அதன் ஓரத்தில் பொன் நிறத்தில் ஒரு கோதுமை மணி, பாதி மட்டும்.

வாய்தா அதை வெகுநேரம் பார்த்தான். பிறகு கையைக் கழுவிக்கொண்டு போய்க் குப்பைக்கூடையைக் கிளறினான். கசங்கிய ஒரு பிரெட் உறையை எடுத்து வந்து மேஜையில் நீவி விட்டான். பச்சை உறை. நடுவில் பொன் நிறக் கோதுமைக் கதிர். துணுக்கை அதன்மேல் வைத்ததும் மணியோடு மணி பொருந்தியது.

“என்னோட காலை டிபன்க்கா. மீனும் நானும் ஒரே பிராண்டு சாப்பிடறோம். நான் மட்டும்தான் கவரைப் பிரிச்சுட்டுச் சாப்பிடறேன்.”

*

பிரெட் கம்பெனியின் கிடங்கில் ஒரு பெண்மணி தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை தவறிவிடும் என்பதால் அவர்களைப் பார்க்காமலே பேசினாள்.

“விக்காம திரும்பி வர்ற பிரெட்டா? தீவன ஆலைக்குப் போயிடும். செவ்வாய், வெள்ளி லாரி வரும்.”

“கவரைப் பிரிச்சுக் கொடுப்பீங்களா?” என்று தராசு கேட்டாள்.

“ஒரு லோடுக்கு நாலாயிரம் பாக்கெட். யாரும்மா உக்காந்து பிரிக்கிறது? ஆலைல பிரிச்சுக்குவாங்க. அப்படித்தான் ஒப்பந்தம்.”

“கவர் எப்பவும் பச்சைதானா?”

“இல்லல்ல. சிவப்பு. பத்தாம் தேதிதான் பச்சைக்கு மாத்துனாங்க. ஆரோக்கியமா தெரியுதாம்.”

தையல்காரி சட்டென்று காலித் தட்டு அடுக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

“பத்தாம் தேதியா? எங்க அண்ணன் மூணாம் தேதியே உள்ள போயிட்டானே.”

“உள்ள இருந்துக்கிட்டே வரப்போற கவரோட கலரைக் கண்டுபிடிச்சு, வெட்டிக் கடல்ல போட்டிருக்கார்,” என்றான் வாய்தா. “பெரிய ஆள்.”

தையல்காரி சிரிக்கவில்லை. “இதைக் கொண்டுபோய்க் காட்டினா விட்டுருவாங்களாம்மா?”

“அவன் போடலன்னு இது சொல்லும். யாரு போட்டதுன்னும் நாம சொன்னாத்தான் கதவு திறக்கும்,” என்றாள் தராசு. “ஆலைக்குப் போகலாம். இன்னைக்கு வெள்ளிக்கிழமை.”

*

தீவன ஆலை மேலாளர் வெள்ளைச் சட்டையும் விரிந்த புன்னகையுமாக வரவேற்றார். புதிதாகப் பண்ணை போடப்போவதாகத் தராசு சொன்னாள். வாய்தா கணக்குப்பிள்ளை, தையல்காரி தங்கை.

“எங்க தீவனத்துல பிளாஸ்டிக் ஒரு பொட்டு இருக்காது மேடம். வாங்க, நீங்களே பாருங்க.”

நீளமான ஓர் அறையைத் திறந்து காட்டினார். இரண்டு எஃகு மேஜைகள், பன்னிரண்டு முக்காலிகள், சுவரில் பன்னிரண்டு கொக்கிகள். கொக்கிக்கு ஒரு மேலங்கி, ஒரு ஜோடி வெள்ளைப் பருத்திக் கையுறை.

“பன்னிரண்டு பொம்பளைங்க. கவரைக் கையாலதான் பிரிக்கிறாங்க. இப்ப சாப்பாட்டு நேரம், வெளிய போயிருக்காங்க.”

“பிரிச்ச கவரையெல்லாம் என்ன பண்றீங்க?”

“எதிர்ல பழைய சாமான் கடை இருக்கே. அவர் வந்து அள்ளிட்டுப் போயிடுவார்.”

தையல்காரி கையுறைகளிடம் போனாள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். பக்கத்தில் இருந்ததையும் பார்த்தாள். திரும்பி வந்து மேலாளரிடம் கேட்டாள்.

“சார், நீங்க கொடுவா சாப்பிடுவீங்களா?”

“எங்க வீட்டுல பண்ணை மீன் வாங்கறதில்லம்மா. ஒத்துக்கிறதில்ல.” அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு புன்னகை கொஞ்சம் சுருங்கியது.

வெளியே வந்ததும் தையல்காரி தராசின் முழங்கையைப் பிடித்தாள்.

“அந்தக் கையுறையெல்லாம் புதுசும்மா. ஜோடி பிரியாம இருக்க ஒரு நூல் போட்டுத் தச்சிருப்பாங்க. அந்த நூல் அப்படியே இருக்கு. பன்னிரண்டு ஜோடிலயும். யாரும் அதுக்குள்ள கையையே விட்டதில்ல.”

“பன்னிரண்டு பேரும் கை இல்லாதவங்களோ என்னவோ,” என்றான் வாய்தா.

பழைய சாமான் கடைக்காரர் இரும்புத் தராசின் பக்கத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். ஆலையின் பெயரைக் கேட்டதுமே கண்ணாடியைக் கழற்றினார்.

“அவங்களா? முன்னெல்லாம் வாரத்துக்கு மூணு மூட்டை கவர் வரும். ஒரு வருஷமா ஒண்ணும் வரல. போய்க் கேட்டேன். ‘எங்ககிட்ட இப்ப கழிவே இல்ல’ன்னு மேலாளர் பெருமையா சொல்றார்.”

தராசு தெருவுக்கு எதிரிலிருந்த ஆலையின் வாசலைப் பார்த்தபடி நின்றாள். லாரிகள் போக ஒரே வாசல். பேசியபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது. அந்தக் குரலுக்கு வாய்தா பயப்படுவான்.

“வாரத்துக்கு எட்டாயிரம் கவர் உள்ள போகுது. ஒண்ணுகூட வெளிய வரல. ஒரு வருஷமா. எங்க போச்சு?”

தையல்காரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நாங்களும் அந்த ஜன்னல்லதான்மா மீன் வாங்குவோம். அண்ணன் வேலை செய்யற பண்ணையாச்சேன்னு. என் பிள்ளைக்கு முள் எடுத்து ஊட்டுவேன்.”

*

மூன்று மணிக்குப் பிரெட் லாரி வந்தது. தராசு அதற்குள் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசியிருந்தாள். ஒருமுறை அல்ல, நான்குமுறை. நான்காவது முறை அவள் பேசியதைக் கேட்ட வாய்தா, “அந்த அதிகாரி இப்ப ஓடித்தான் வருவார்,” என்றான்.

லாரிக்குப் பின்னாலேயே மூவரும் ஆலையின் பின்பக்க முற்றத்துக்குள் நடந்து போனார்கள். காவலாளி, மதியம் வந்த மேடம்தானே என்று விட்டுவிட்டான். லாரியின் பின்கதவு திறந்து, பச்சைப் பாக்கெட்டுகள் அரவை இயந்திரத்தின் வாயில் அப்படியே சரிந்தன. பிரெட்டும் உறையும் சேர்ந்து உள்ளே போயின. கீழே ஒரு குழாய் வழியாகப் பழுப்பு மாவு கொட்டிக்கொண்டிருந்தது. தராசு அதில் ஒரு கைப்பிடி அள்ளினாள். வெயிலில் அது மினுமினுத்தது.

“அக்கா,” என்றான் வாய்தா. “இது மட்டுமில்ல. அங்க பாருங்க.”

முற்றத்தின் மறுபக்கம் ஒரு குளிர்பதன வேன் நின்றது. அதிலிருந்து இறங்கிய வெள்ளைப் பெட்டிகள் இரண்டாவது இயந்திரத்தின் அருகே அடுக்கப்பட்டிருந்தன. பெட்டி ஒவ்வொன்றிலும் வாங்கும் கம்பெனியின் சிவப்புச் சீட்டு: நிராகரிக்கப்பட்டது, இரண்டாம் தேதி. மூடி திறந்த ஒரு பெட்டியில் உறைந்த கொடுவா மீன்கள் கண் வெளுத்துக் கிடந்தன.

இரண்டு லாரி மீனையும் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டதாகப் பண்ணை முதலாளி எழுதிக் கொடுத்திருந்தார். புதைக்கவில்லை. உறைய வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இங்கே அனுப்பி, அரைத்து மறுபடியும் தீவனமாக்கிக்கொண்டிருந்தார்.

வேனின் முன்கதவைத் திறந்துகொண்டு அவரே இறங்கினார். தையல்காரியைப் பார்த்ததும் நின்றார்.

“நீ இங்க எங்கம்மா வந்தே?”

“எங்க அண்ணனை உள்ள தள்ளிட்டு இங்க என்ன பண்றீங்கன்னு பாக்க வந்தேன்.”

“அதெல்லாம் கோர்ட்டுல இருக்கு. உங்க அண்ணன் பண்ணின காரியத்துக்கு நான் என்ன செய்ய முடியும்?”

“என்ன பண்ணினான்? பிளாஸ்டிக் தின்ன மீனை அரைச்சு மீனுக்கே போடறது நீங்க. அதைத் தின்ன மீனை எங்களுக்கு விக்கிறதும் நீங்க. அவன் என்ன பண்ணினான், சொல்லுங்க.” அவள் குரல் உயரவே இல்லை. ஆனால் இஞ்ச் டேப்பின் இரு முனைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தாள். “பன்னிரண்டு வருஷம் உங்க கடல்ல வெயில்ல நின்னவன். அவனைத் துரோகிங்கிறீங்க, விஷம் வெச்சவன்ங்கிறீங்க. அவனை மாதிரி ஒரு விசுவாசி உங்களுக்குக் கிடைப்பானா?”

முதலாளியின் முகம் சிவந்தது.

“விசுவாசியா? யாரு? ரெண்டு மாசம் முன்னாடி ஒரு டப்பால அள்ளிட்டு வந்து என் மேஜைல கொட்டினான், தீவனத்துல இது இருக்குன்னு. உன் வேலை வீசறதுதான், ஆராய்ச்சி பண்றதில்லன்னு நல்லவிதமா சொன்னேன். கேட்டானா? எனக்குத் தெரியாம வாங்கற கம்பெனிக்குக் கடுதாசி எழுதிப் போட்டான். அதனாலதான் அவங்க மீனை அறுத்தே பாத்தாங்க. அவன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பதினெட்டுப் பேர் வேலை அவனால போச்சு. இதுக்குப் பேரு விசுவாசமா?”

இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. தையல்காரி அவரையே வெறித்துப் பார்த்தாள். அவள் அண்ணன் பிளாஸ்டிக்கைப் போடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பிளாஸ்டிக் இருக்கிறது என்று முதலில் சொன்னவனே அவன்தான் என்பது இப்போதுதான் தெரிந்தது.

தராசு முன்னால் வந்தாள்.

“ரெண்டு மாசம் முன்னாடியே உங்களுக்குத் தெரியும். ஆனா புகார்ல ரெண்டாம் தேதிதான் முதல் தடவையா தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்க.”

“நீங்க யாரு?”

“உங்க ஜன்னல்ல மீன் வாங்கினவ.” கையிலிருந்த மாவை அவர் முன் விரித்துக் காட்டினாள். “இதைத் தெரிஞ்சே வீசச் சொல்லியிருக்கீங்க. தெரிஞ்சே எங்களுக்கு வித்திருக்கீங்க. சொன்னவனைப் பிடிச்சு உள்ள போட்டுட்டு, அதுக்கப்புறமும் இருபத்துமூணு நாள் வித்திருக்கீங்க. இதுல எந்த நாள் உங்களுக்குத் தூக்கம் வரல?”

முதலாளி வாய்தாவைப் பார்த்தார். வாய்தா தொலைபேசியைக் கால்குலேட்டர்போல நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தான்.

“தொடர்ந்து பேசுங்க சார். இன்னும் ஒரு மணி நேரம் பதிவாகும். வாய்தாவே கேக்க மாட்டேன்.”

அதிகாரி வந்தபோது மேலாளர் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். பயனில்லை. இயந்திரத்தின் வாயில் பாதி அரைபட்ட பச்சை உறைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

*

மூன்று நாள் கழித்து, திங்கட்கிழமை காலை, நீதிமன்றம் அவனை விடுவித்தது. பண்ணை முதலாளியும் ஆலை மேலாளரும் அன்று அதே கட்டடத்தில் வேறோர் அறையில் வக்கீல்களோடு உட்கார்ந்திருந்தார்கள்.

தீவனக்காரன் படியிறங்கி வந்தான். வெயிலில் கறுத்த, ஒடிசலான மனிதன். தங்கை அவன் கையைப் பிடித்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “கூண்டுல இப்ப யாரு தீனி போடறா?”

“அதை விடுண்ணா. கடுதாசி எழுதினது நீன்னு என்கிட்டகூட ஏன் சொல்லல?”

“எப்படிச் சொல்றது? கடுதாசி போட்டா தீவனத்தை மாத்துவாங்கன்னு நெனச்சேன். பதினெட்டுப் பேர் சோத்துல மண்ணு விழும்னு தெரியுமா? அதுக்கு ஜெயில்லயே கிடக்கலாம்னு தோணிச்சு.” அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். “அந்த மீனுங்க என் கையைப் பாத்துத்தான் மேல வரும். ஒரு வருஷமா நான்தானே வீசினேன். ஒருநாள் கூண்டுக் கயித்துல ஒட்டியிருந்த சிப்பியை உடைச்சேன். அதுக்குள்ளயும் சிவப்பா ஒண்ணு மின்னிச்சு. அப்புறம்தான் தீவனத்தைச் சலிச்சுப் பாத்தேன்.”

தராசின் பார்வை நீதிமன்ற வாசலில் இருந்தது. அவனும் திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் பின்வாங்கினான்.

வேலை போன பதினெட்டுப் பேரும் வாசலில் நின்றிருந்தார்கள். வலை பின்னுகிறவர்கள், படகு ஓட்டுகிறவர்கள், பெட்டி தூக்குகிறவர்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வலை பின்னும் பெரியம்மா முன்னால் வந்தாள். பண்ணையில் எல்லோருக்கும் அவள் பெரியம்மாதான். அவள் முகத்தைப் பார்த்து வாய்தா தீவனக்காரனுக்கு முன்னால் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டான்.

“நகருப்பா,” என்றாள் அவள். பிறகு தீவனக்காரனைப் பார்த்தாள். “கடுதாசி எழுதினது நீதானா?”

“ஆமா பெரியம்மா.”

“எத்தனை பேர் கையெழுத்து அதுல?”

“நான் மட்டும்தான். பேரும் போடல.”

“அதான் கேக்கறேன். எங்களை என்னன்னு நெனச்சே? பன்னிரண்டு வருஷம் ஒரே படகுல போனோம். ஒரே தூக்குல டீ குடிச்சோம். நானும் அந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பேத்திக்கு ஆக்கிப் போட்டவதான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பதினெட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டிருப்போமே. பத்தொம்பது பேரை அவன் உள்ள தள்ளியிருப்பானா?”

தீவனக்காரன் தலை குனிந்து நின்றான். அவன் தோள்கள் குலுங்கின. பெரியம்மா அதைப் பார்த்தும் கோபத்தைக் குறைத்துக்கொள்ளவில்லை.

“அழுதது போதும். அந்த ஆலைத் தீவனம் இன்னும் மூணு பண்ணைக்குப் போகுதாமே?”

“போய்க்கிட்டிருந்துச்சு. ஆலைக்கு இப்ப சீல் வெச்சாச்சு,” என்றாள் தராசு. “ஆனா ஏற்கெனவே போன மூட்டையெல்லாம் அந்தந்தப் பண்ணைக் கிடங்குல இருக்கு. இன்னைக்கும் வீசிக்கிட்டுத்தான் இருப்பாங்க. யாராவது எழுதிக் கொடுத்தாத்தான் அதிகாரிங்க போய்ப் பாப்பாங்களாம்.”

“அப்ப எழுதுங்க.”

வாய்தா பையிலிருந்து தாளை எடுத்து அங்கே நின்ற ஒரு காரின் முன்பக்கத்தில் விரித்தான். தீவனக்காரன் சொல்லச் சொல்லத் தராசு எழுதினாள். மூன்று பண்ணைகளின் பெயர்கள், மூட்டையின் அடையாளம், சலித்துப் பார்ப்பது எப்படி என்று எல்லாம் எழுதினாள். கடைசியில் தீவனக்காரன் தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டான்.

அடுத்துப் பெரியம்மா பேனாவை வாங்கினாள். அவள் அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்துவிட்டது.

“வேற தாள் எடு,” என்றாள். தராசு முதல் வரியிலிருந்து மறுபடியும் எழுத ஆரம்பித்தாள்.